பென்னாகரம் பஸ்ஸில் ஒரு ஆஸ்பத்திரி

பென்னாகரம் போகும் பஸ்ஸில் ஒரு முழு ஆஸ்பத்திரியை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான். பக்கத்து சீட்டுக்காரர் மடியில் இரண்டு நாட்டுக்கோழிகள் இருந்தன. கண்டக்டர் கோழிகளுக்கு லக்கேஜ் போட்டார், ஆஸ்பத்திரிக்குப் போடவில்லை. அந்த அவமானம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்காருகிறவர்கள். நாற்காலியைப் பற்றி ஒன்றும் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்.

"சார், நம்ம சர்வரையெல்லாம் கிளவுடுக்கு மாத்தப் போறோம். பழைய டி.ஆர். சைட்ட நீங்க எப்படி செட் பண்ணீங்கன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும். ரெண்டு பக்கம் போதுங்க சார்."

காபி கொண்டுவந்த என் மனைவி அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவரு லீவு லெட்டரே நாலு பக்கம் எழுதுவாருப்பா" என்றாள். ஆகவே இது இரண்டு பக்கத்தில் முடியாது. கேட்டது உங்கள் தப்பு.

முதலில் என் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். தர்மபுரியில் டைப்ரைட்டிங் படித்தேன். அங்கேயே எங்கள் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கச் சேர்ந்தேன். ஒருநாள் கம்ப்யூட்டர் வந்தது. விசைகளைப் பார்க்காமலே அடித்ததால் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நானும் மறுக்கவில்லை. அப்புறம் ஒரு மாலை வகுப்பு, பெங்களூரில் இரண்டு பயிற்சி, திட்டு வாங்கிய வகையில் ஒரு இருபது வருடம். இப்படித்தான் நான் சிஸ்டம்ஸ் ஆபீசர் ஆனேன்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்வர் இருந்தது. பிறகு ஒரே பெரிய இரும்புப் பெட்டிக்குள் எட்டு மாய சர்வர்களை ஓட்டும் வசதி வந்தது. ஒரே வூட்டில் எட்டுக் குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் ஒரு குடித்தனம், மருந்தகம் ஒன்று, நோயாளிகள் பதிவேடு ஒன்று. வாடகை மிச்சம், கரண்ட் மிச்சம். ஒரே ஒரு சங்கடம்தான். வூடு இடிந்தால் எட்டுக் குடித்தனமும் தெருவில் நிற்கும்.

அதற்குத்தான் இன்னொரு ஊரில் நகல் வூடு, பிள்ளைகள் டி.ஆர். சைட் என்றது இதைத்தான். இங்கே இருக்கும் எட்டுக் குடித்தனமும் அங்கேயும் அப்படியே இருக்கும், விளக்கு மட்டும் ஏற்றியிருக்காது. இங்கே சட்னி அரைத்தால் பதினைந்து நிமிடத்துக்குள் அங்கேயும் சட்னி போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் இங்கே வூடு விழுகிறவரை அங்கே யாரும் இட்லி போடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக் கொடுக்க பெங்களூரில் மூன்று நாள் எடுத்துக்கொண்டார்கள், மதியச் சாப்பாட்டோடு.

இந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தவர் லில்லி மேடம். எங்கள் சிஸ்டம்ஸ் மேனேஜர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. எதை எழுதிக்கொண்டு போனாலும் வாங்கிப் பார்க்கமாட்டார். "சரிங்க, படிங்க" என்பார். நாம் எழுதியதை நாமே உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு கண் திறந்தால் சின்னப் பிழை. இரண்டு கண்ணும் திறந்தால் யாருக்கோ உயிர் போகும் அளவுக்குப் பிழை. நான் படிக்கும்போது பேப்பரைப் பார்த்ததைவிட அவர் இமைகளைப் பார்த்ததுதான் அதிகம்.

நகல் வூட்டுக்கு இடம் தேடினோம். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே பின்கட்டடத்தில் வைக்கலாம், கேபிள் செலவு குறையும் என்று எழுதிக்கொண்டு போனேன். படித்தேன். இரண்டு கண்ணும் திறந்தன.

"இங்க மழத்தண்ணி புகுந்தா, பின்கட்டடத்துல புகாதுங்களா?"

"புகும்ங்க மேடம்."

"அப்ப அது வேற எடம் இல்லீங்க. அதே எடத்தோட முதுகு."

கடைசியில் எங்கள் பென்னாகரம் கிளையில் இடம் கிடைத்தது. பழைய எக்ஸ்ரே அறை, புது எக்ஸ்ரே மெஷின் வேறு அறைக்குப் போனதிலிருந்து சும்மா கிடந்தது. கனத்த சுவர், ஈயம் அடித்த கதவு, வெயில் ஏறாத மூலை. மின்சாரமும் வேறு துணைமின் நிலையத்திலிருந்து வருகிறது. "இடியே விழுந்தாலும் உள்ள இருக்கறவருக்குக் கேக்காது" என்றேன். மேடத்தின் கண் மூடியே இருந்தது. எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டுகளில் அது ஒன்று.

அடுத்து, முதல் நகல். அதற்குப் பிறகு வரும் மாற்றங்களை மட்டும் லைனில் அனுப்பலாம், ஆனால் முதலில் எல்லாம் ஒருமுறை போய்ச் சேர வேண்டும். அப்போது எங்களுக்கு இருந்த லைனில் அதை அனுப்பினால், அது போய்ச் சேருவதற்குள் என் ரிட்டயர்மெண்ட் வந்துவிடும். ஆகவே எட்டு மாய சர்வர்களையும் ஒரு சின்ன டிஸ்க்கில் நகலெடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, கையிலேயே கொண்டுபோய் அங்கே இறக்குவதென்று முடிவானது. மேடம் இரண்டு டிஸ்க்கில் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இரண்டையும் ஒரே பையில் போட்டேன்.

"ரெண்டும் ஒரே பஸ்ஸுல போனா அது காப்பி இல்லீங்க, லக்கேஜ்" என்றார்.

எனவே நான் ஒரு பஸ்ஸில், அவர் அடுத்த பஸ்ஸில். மேனேஜர் பஸ்ஸில் போவதா என்று ஆஸ்பத்திரி கார் டிரைவரே வருத்தப்பட்டார். "கார்னா நீங்களும் உங்க டிஸ்க்கோட அதுலயே ஏறிக்குவீங்க" என்று மேடம் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். நான் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

கோழிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்னாங்க அது, முட்டையா?"

"ஆஸ்பத்திரிங்க."

அவர் என்னை ஒருமுறை, துண்டை ஒருமுறை பார்த்தார். பிறகு கோழிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு சீட்டு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

டிஸ்க் நன்றாக இறங்கியது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்கள் போய்ச் சேர ஆரம்பித்தன. பச்சை விளக்கைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். இனி நடைமுறைத் தாள் எழுத வேண்டும். தர்மபுரி விழுந்தால் பென்னாகரத்தை எழுப்ப என்னென்ன செய்யவேண்டும், எந்த வரிசையில், என்று. பன்னிரண்டு வரி எழுதினேன். முதலில் பதிவேட்டின் தரவுதளம், அது எழுந்த பிறகு லேப், பிறகு மருந்தகம், இப்படி. பன்னிரண்டாவது வரி: "இதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் சக்திவேலைக் கூப்பிடவும்." கீழே என் போன் நம்பர், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

லில்லி மேடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியவன் கை வைக்கக் கூடாது. ஒத்திகையில் அந்தத் தாளை வைத்து வேலை செய்கிறவர், அந்த வேலை தெரியாத ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தவன் செய்தால் தாளில் இல்லாததையும் செய்துவிடுவான், ஓட்டை தெரியாமல் போய்விடும் என்பார். பென்னாகரம் கிளையில் மருந்தகம் பார்த்த ஷமீம் என்ற பெண்ணைப் பிடித்தார். சர்வரைத் தொட்டே அறியாதவர்.

"பயப்படாதம்மா, மெதுவா படிச்சுப் படிச்சுச் செய்" என்றேன் போனில்.

"டாக்டருங்க எழுதறதையே படிச்சுட்டிருக்கேன் சார். நீங்க டைப் பண்ணதுக்கா பயப்படப் போறேன்?"

ஒத்திகை நாள் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதரைக்கு தர்மபுரி சர்வரை நானே முறைப்படி அணைத்தேன். பென்னாகரத்தில் ஷமீம் வரி வரியாகப் படித்து எழுப்பினார். பத்து மணிக்கெல்லாம் நகல் வூட்டில் விளக்கு எரிந்தது. தர்மபுரி வார்டுகளிலெல்லாம் திரை திரும்ப உயிர்பெற்றது, வேலை நடப்பது இங்கே, சர்வர் இருப்பது பென்னாகரத்தில். யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நான் வார்டு வார்டாகப் போய்ப் பெருமை பேசிவிட்டு, பன்னிரண்டு மணி வாக்கில் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து கேன்டீனில் உட்கார்ந்தேன்.

இரண்டாவது துண்டு வாயில் இருக்கும்போது போன் வந்தது. டயாலிசிஸ் பிரிவிலிருந்து வசந்தா சிஸ்டர்.

"சார், ஒடனே வாங்க. எந்த கம்ப்யூட்டர நம்பறதுன்னு தெரியல."

போனேன். நாற்காலியில் கௌரம்மா உட்கார்ந்திருந்தார். பென்னாகரம் தாண்டி ஒரு கிராமம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருவார். சிஸ்டர் கையில் ஊசி இருந்தது, மூடி போட்டு ட்ரேயில் வைத்துவிட்டுப் பேசினார். அது ஹெப்பாரின். மெஷின் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து. வேறெங்காவது ரத்தம் கசிகிற ஆளுக்கு அதைப் போட்டால் கசிவு நிற்காது.

"ஸ்க்ரீன்ல வழக்கமான டோஸ்தான் இருக்குது சார். இந்தம்மா கைய நீட்ட மாட்டேங்குது."

"அது பேடா, வேண்டாம்" என்றார் கௌரம்மா, எனக்கும் சேர்த்து. "காலைல பத்து மணிக்கு மேல பென்னாகரத்துல டாக்டரப் பாத்துட்டுதான் பஸ் ஏறுனேன். பல்லுல ரத்தம் வருதுன்னேன். இன்னிக்கி அந்த ஊசி பேடான்னு சொல்லி அவரே தட்டுனாரு கம்ப்யூட்டர்ல. நான் பாத்தேன்."

"இதுல அப்படி எதுவும் வரலியேம்மா" என்றார் சிஸ்டர்.

"பல்லுல ரத்தம் வர்றது கம்ப்யூட்டருக்கா? எனக்குத்தானே?"

சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டார். கௌரம்மா சொன்னது சரி. அன்றைக்கு ஹெப்பாரின் இல்லாமலே டயாலிசிஸ் நடந்தது, நர்சுகள் குழாயை அடிக்கடி கழுவிக்கொண்டே இருந்தார்கள்.

என் வாயில் மைசூர்பாகு இன்னும் கரையாமல் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

டாக்டர் எழுதியது எங்கே போனது? சர்வர் அறைக்கு ஓடினேன். கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. நான் அணைத்த சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கள் எலக்ட்ரீஷியன் முனுசாமி அண்ணன், முகத்தில் ஒரு தாயின் கனிவோடு.

முனுசாமி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் கரண்ட் போய் வந்தால், வந்த இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் ஓடவேண்டும், அது அவருடைய மானப் பிரச்சினை. ஸ்விட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், பிறகு போடுவார். லிஃப்ட், ஏ.சி., மார்ச்சுவரி பெட்டி, கேன்டீன் கிரைண்டர் எல்லாம் அவருக்குப் பிள்ளைகள். ஒன்று அணைந்து கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"ரவுண்ட்ஸ் வந்தேன் சக்தி. சத்தமே இல்லாம படுத்துட்டிருந்துச்சு. நீயும் ஆளக் காணோம். பாவமா இருந்துச்சு. எழுப்பி விட்டுட்டேன்."

அவர் எழுப்பினார். கரண்ட் வந்ததும் எட்டுக் குடித்தனமும் தானாக எழும்படி முன்பே ஏற்பாடு செய்து வைத்த அறிவாளி நான். கிட்டத்தில் எந்த சர்வர் இருக்கிறதோ அதை முதலில் தேடு என்று வார்டுத் திரைகளுக்குச் சொல்லி வைத்தவனும் நான்தான். எனவே தர்மபுரித் திரைகள் எல்லாம் தர்மபுரி சர்வருக்குத் திரும்பிவிட்டன. பென்னாகரத்தில் டாக்டர் எழுதியது பென்னாகரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு வூட்டிலும் விளக்கு எரிந்தது. இரண்டிலும் கௌரம்மா இருந்தார். ஒரு கௌரம்மாவுக்கு ஊசி வேண்டும், இன்னொரு கௌரம்மாவுக்கு வேண்டாம்.

தர்மபுரி சர்வரைத் திரும்ப அணைத்தேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் அது தப்பாக ஓடியிருந்தது. அந்த நேரத்தில் அதில் ஏறிய பதிவுகளை எல்லாம் அச்செடுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நானே நடந்து போய், எழுதியவரை உட்காரவைத்துச் சரிபார்த்து, பென்னாகரம் பக்கம் மறுபடி ஏற்றினோம். மாலை ஐந்து மணி ஆயிற்று. மைசூர்பாகை யாரோ சாப்பிட்டிருந்தார்கள். நியாயம்தான்.

மறுநாள் மேடத்தின் அறையில் கூட்டம். கண்ணை அவர் மூடவே இல்லை.

"யாரு ஆன் பண்ணது?"

முனுசாமி அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "நான்தாங்க." அவருக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருந்தது. முகம் சாம்பலாக இருந்தது. கௌரம்மா விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "ஒத்திகை இருக்குதுன்னு இவருகிட்ட யாருங்க சொல்லியிருக்கணும்?"

ஒத்திகைக்கு முன்னால் நடந்த கூட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிடவேண்டும் என்று பட்டியல் போட்டவன் நான். டாக்டர்கள், சிஸ்டர்கள், மருந்தகம், லேப் எல்லோரையும் போட்டிருந்தேன். முனுசாமி அண்ணன் பெயரை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஸ்விட்ச் போடுகிறவருக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சர்வரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதன் ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது என்பது ஒன்றைத் தவிர.

"நான்தாங்க மேடம்" என்றேன்.

"கௌரம்மா வாய் இருக்கற அம்மா. பொழச்சாங்க" என்றார் மேடம். "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பேசாம கைய நீட்டறவங்கதான் நம்மகிட்ட அதிகம். அவங்களுக்குத்தாங்க நீங்க இந்தத் தாளை எழுதறீங்க. ஒரு வரி குறையுது. அத நீங்க எழுத வேண்டாம். முனுசாமி எழுதட்டும்."

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "நான் எட்டாங்கிளாஸுங்க மேடம்."

"ஸ்விட்சு எத்தனாங்கிளாஸ்?" என்றார் மேடம்.

அண்ணன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்: "தர்மபுரி மிஷின் தூங்கினால் தூங்கட்டும். கரண்டு வந்தாலும் முனுசாமி தானாக எழுப்ப மாட்டான். போடலாமா என்று கேட்பான். போடலாம் என்று மேடம் வாயால் சொல்ல வேண்டும்."

இதை ஆபீஸ் தமிழில் மாற்றி எழுதட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். "அப்படியே இருக்கட்டுங்க. அதச் செய்யறவரு எழுதுனது" என்றார். அது எட்டாவது வரி ஆயிற்று. என் போன் நம்பர் பதின்மூன்றாவது வரிக்குத் தள்ளப்பட்டது. தானாக எழும் ஏற்பாட்டையும், கிட்டத்து சர்வரைத் தேடும் ஏற்பாட்டையும் நானே பிடுங்கி எறிந்தேன். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. ஒவ்வொரு முறையும் ஷமீம் படிப்பார். ஒவ்வொரு முறையும் அண்ணன் மேடத்தின் கதவருகே நின்று "போடலாமா?" என்று கேட்பார். மைசூர்பாகு மாலையில்தான் வாங்குவது என்று ஒரு வழக்கமும் வந்தது.

ஒன்றரை வருடம் போனது. எனக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கியது. பணி முடிகிறவரை சர்வர் படுக்காமல் இருந்தால் தீர்த்தமலை ஏறி வருகிறேன் என்று வேண்டியிருந்தேன். ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, இப்போது கூட்டம் இருக்காது, போய்விட்டு வந்துவிடலாம் என்றாள் மனைவி. இன்னும் முடியாத வேண்டுதலுக்கு முன்கூட்டியே காணிக்கை செலுத்த மலையேறினேன். சாமிக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

காலை எட்டரைக்கு ஏற ஆரம்பித்தோம். தீர்த்தத்தில் குளித்து, கும்பிட்டு, ஈர வேட்டியோடு பாதி வழி இறங்கும்போது பையில் இருந்த போனுக்கு சிக்னல் வந்தது. உடனே அது தவளை மாதிரி கத்த ஆரம்பித்தது. செய்தி மேல் செய்தி. எல்லாம் பென்னாகரம் பெட்டி தானாக அனுப்புகிறவை. தர்மபுரி பதில் இல்லை. தர்மபுரி பதில் இல்லை. நாற்பத்திரண்டு செய்தி. முதல் செய்தி ஒன்பது இருபதுக்கு. அப்போது மணி பன்னிரண்டு.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று என்ன கிழமை என்று எண்ணிப் பார்த்தேன். கௌரம்மாவின் நாள்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"வூடு விழுந்துருச்சு."

"ஐயோ, நம்முளுதா?"

"ஆஸ்பத்திரியோடது."

அழைப்புகளைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு செய்தி வந்திருக்கிறது, ஒரு மனிதர்கூட என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஷமீமுக்குப் போட்டேன்.

"சொல்லுங்க சார்" என்றார், மாத்திரை எண்ணும் குரலில்.

"என்னம்மா ஆச்சு? தர்மபுரி?"

"இடி விழுந்து யு.பி.எஸ். வெடிச்சுருச்சாம் சார். சர்வர் படுத்துருச்சு. லில்லி மேடம் தாளை எடுங்கன்னாங்க. எடுத்தேன். படிச்சேன். ஒம்பது அம்பதுக்கு இங்க எல்லாம் வந்துருச்சு."

"அப்புறம் ஏம்மா என்னக் கூப்பிடல?"

"பதிமூணாவது வரிக்கு வேலையே வரலீங்களே சார்."

இருபத்தேழு வருட சர்வீஸில் எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதைவிடப் பெரிய சந்தோஷமும் கிடையாது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான்? பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன்.

அரூர் வழியாக தர்மபுரி வந்து சேர மூன்று மணி. சர்வர் அறை வாசலில் முனுசாமி அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கருகல் வாடை. காலை பத்து மணிக்கே கரண்ட் வந்துவிட்டதாம், மாற்று யு.பி.எஸ்.ஸும் வந்து இணைத்தாகிவிட்டது. சர்வரின் ஸ்விட்ச் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணா இப்படி?"

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது சக்தி. அதான் மேல உக்காந்துட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"இது படுத்துக் கெடக்கையில எனக்கு எங்க எறங்கும்? அரை மணிக்கு ஒருக்கா மேடத்துகிட்ட போடலாமான்னு கேட்டுட்டுதான் இருக்கேன். வேண்டாங்கறாங்க. அங்க ஓடறத எல்லாம் மொதல்ல இங்க திருப்பி எறக்கணுமாம். நாளைக்குத்தான் சொல்லுவாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினார். "உள்ள டயாலிசிஸ்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நான் எந்திரிச்சா கை கிளம்பிரும்."

போனேன். கௌரம்மா சாய்ந்து படுத்திருந்தார், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்பு பென்னாகரத்தில் டாக்டர் அவருக்கு மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்திருந்தார். வசந்தா சிஸ்டரின் திரையில் அந்தப் பாதி அளவு இருந்தது. பென்னாகரத்து எக்ஸ்ரே அறையிலிருந்து வந்த பாதி.

"என்னம்மா, இன்னிக்கி சண்டை ஒண்ணும் இல்லியா?" என்றேன்.

கௌரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஈரம் காய்ந்து கசங்கிய வேட்டி, நெற்றியில் பட்டை. "இன்னிக்கி நான் வாயே தொறக்கல. அதுக்கே எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு" என்றார். பிறகு கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். மிச்சம் வைத்திருந்த பிரசாதத்தை நீட்டினேன். ஒரு கையை மட்டும் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து பிரசாதம் வாங்கிக்கொண்டார்.

தம்பிகளா, நீங்கள் கேட்டது கிளவுடைப் பற்றி. அதில் எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த வகையில் நான் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேன். ஆனால் மேகம் என்று நீங்கள் சொல்வதும் எங்கேயோ ஓர் அறையில்தான் இருக்கிறது. அந்த அறைக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது அணைந்து கிடந்தால் பாவப்படும் நல்ல மனுஷர் ஒருவர் அங்கே இருப்பார். அவர் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு அடித்துவிடாதீர்கள். நடைமுறைத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். எட்டாவது வரியில் கை வைக்கவேண்டாம். பதின்மூன்றாவது வரியில் என் நம்பரை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கூப்பிடாதிருக்க என் ஆசீர்வாதம்.

முனுசாமி அண்ணனும் இப்போது ஓய்வில்தான் இருக்கிறார். போன வாரம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நான் ஹாலில் விளக்குப் போடாமல் சோபாவில் கண்ணயர்ந்திருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். வாசலில் அவர் உருவம் தெரிந்தது. பழக்கத்தில் அவர் கை சுவரில் இருந்த ஸ்விட்சுக்குப் போனது, தொட்டது, கண்ணுக்குப் போனது, பிறகு அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"சக்தி, போடலாமா?"

தலையாட்டினால் செல்லாது, வாயால் சொல்ல வேண்டும்.

"போடலாம்ணா" என்றேன்.